வெளுத்த மோதிரம்

முலாம் பட்டறையில் முப்பத்தெட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. பெரிய எழுத்தைத் தடவித் தடவிப் படித்துவிடுவேன். பொடி எழுத்து என்றால் கண்ணும் கைவிட்டுவிடும், படிப்பும் கைவிட்டுவிடும். ஆனால் ஒரு நகையை உள்ளங்கையில் வைத்தால், அது எத்தனை நாளில் ஒரு கழுத்தைக் கறுப்பாக்கும் என்று சொல்லிவிடுவேன்.

தெருவில் போகிறவர்கள்கூட நிறுத்திக் கேட்பார்கள், தோலில் கறை பிடிக்காத நகை எது என்று. என் பதில் என்றைக்கும் ஒன்றுதான். பித்தளையும் செம்பும் வியர்வை பட்டால் பச்சையாகக் கறை விடும். வெள்ளி தானும் கறுத்து, போட்டவரையும் கறுப்பாக்கும். நிக்கல் சண்டாளன், கறை விடமாட்டான், அரிப்பு, தடிப்பு, நீர்வடிதல் என்று உள்ளே புகுந்து வேலை காட்டுவான். மேலே பூசிய தங்கத்துக்குத் தேய்கிற வரைக்கும்தான் மரியாதை. கையில் காசில்லையா, எஃகு போடு. காசிருக்கிறதா, நல்ல தங்கம் போடு. இரண்டுக்கும் நடுவில் எவன் எதை விற்றாலும் நம்பாதே. அந்த நடுவில் இருப்பதை எல்லாம் பூசுகிறவனே நான்தான், எனக்குத் தெரியாதா?

அதனால் நான் பூசிய நகை எதுவும் என் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. என் மனைவி சாகிற வரைக்கும் ஒரே ஒரு தங்க மோதிரத்தோடுதான் இருந்தாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தக் கட்டுப்பாட்டை மீறினேன். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

மகளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வெளியே வந்துவிட்டது. பட்டாணி என்று நான்தான் கூப்பிட ஆரம்பித்தேன், அதுவே நிலைத்துவிட்டது. மகளும் மருமகனும் என்னோடுதான் இருக்கிறார்கள். இரண்டு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட மொட்டை மாடி. மருமகன் பஸ் ஓட்டுகிறார். மகள் ஜன்னலோரம் தையல் மெஷின் போட்டு அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் துணி தைக்கிறாள்.

பிரசவம் முடிந்து வந்த வாரம் மகள் கேட்டாள்.

"ஊருக்கெல்லாம் பூசுறீங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு பூசித் தந்தா முலாம் தொட்டி வத்திடுமாப்பா?"

"உனக்கு வேண்டாம். அது விக்கறதுக்கு. போடறதுக்கு இல்ல."

"இதை உங்க முதலாளிகிட்ட சொல்லுங்க மாமா, போர்டுல எழுதி மாட்டுவாரு" என்றார் மருமகன்.

அவள் சிரித்தாள். ஒன்பது வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பில் ஏமாந்தேன். மறுநாள் ஒரு பித்தளைச் சங்கிலியை எடுத்து, அமிலத்தில் கழுவி, செம்புத் தொட்டி, நிக்கல் தொட்டி, கடைசியில் தங்கத் தொட்டி என்று வழக்கத்தைவிட மூன்று மடங்கு நேரம் முக்கி எடுத்தேன். எத்தனை மடங்கு முக்கினாலும் முலாம் முலாம்தான்.

மூன்றாம் மாதம் அவள் கழுத்தைச் சுற்றி ஒரு கோடு விழுந்தது. பச்சையும் கறுப்புமாக, யாரோ பென்சிலை வைத்துச் சுற்றி இழுத்த மாதிரி.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவன் இல்லை. "கழுத்து கறுத்துப் போச்சு" என்றேன். அடுத்த நாளும் சொன்னேன். டீ டம்ளரை நீட்டக் குனிந்தாலும் சொன்னேன். துணி கொடுக்க வந்த பெண்களுக்கு முன்னாலும் சொன்னேன். அது என் வேலையின் மேல் எனக்கு வந்த கோபம். அவள் காதில் அது எப்படி விழுந்தது என்று நான் யோசிக்கவில்லை.

சங்கிலியைக் கழற்ற வைத்தேன். வெறும் கழுத்தாக இருக்கப் பிடிக்கவில்லை என்றாள். எஃகில் ஒன்று வாங்கி வந்தேன். ஆஸ்பத்திரிக் கத்தி செய்கிற ரகம். அது யாரோடும் ஒட்டாது, அதோடும் எதுவும் ஒட்டாது.

முலாம் விட்ட கறை, நகையைக் கழற்றிய பத்துப் பதினைந்து நாளில் தானாகப் போய்விடும். மகளின் கழுத்தில் அது போகவில்லை. நிறம் மாறியது. பச்சை போய்ச் சாம்பல் வந்தது. கோடாக இருந்தது பட்டையாகிக் கழுத்து மடிப்புகளில் இறங்கியது. இத்தனை வருஷத்தில் எந்த உலோகமும் அப்படி ஒரு சாம்பலை விட்டு நான் பார்த்ததில்லை. எஃகைச் சந்தேகப்பட்டேன். விற்றவன் கடைக்கே போய் அவன் முன்னாலேயே சங்கிலியை அரத்தால் ராவினேன். நல்ல எஃகுதான். "பெருசு, அடுத்து என் கல்லாவை ராவுவீங்களா?" என்று கேட்டான் அவன்.

அந்த நேரத்தில்தான் பட்டாணிக்கு ஆரம்பித்தது.

நன்றாகத் தேறி வந்த குழந்தை. ஐந்தாம் மாதம் குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தது. ஆறாம் மாதம் தலை நிற்கவில்லை. தூக்கம் போனது. பசியில் அழுகிற அழுகை எனக்குத் தெரியும். இது வேறு. தனக்குள்ளேயே முனகுகிற அழுகை. விசிறிக்கு அடியில் படுத்துக்கொண்டு வேர்த்துக் கொட்டியது. உள்ளங்கையும் உள்ளங்காலும் சுடுதண்ணீர் பட்டாற்போலச் சிவந்து, தோல் உரிந்தது. ஜன்னல் திரையை விலக்கினால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது.

கிளினிக்கில் ஒருவர் பல் முளைக்கிறது என்றார். இன்னொருவர் வேர்க்குரு என்றார். இரண்டு பேருமே குழந்தையைப் பார்த்த நேரத்தைவிடச் சீட்டு எழுதின நேரம் அதிகம்.

எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. அதை வெளியே சொல்ல நாக்கு எழவில்லை. நான் பூசிய அந்தச் சங்கிலி மகள் கழுத்தில் கிடந்த நாளெல்லாம், பட்டாணி அதை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டேதான் தூங்கும். முலாம் அப்படியா தேயும் என்று நானே வியந்ததுண்டு. தேய்ந்த தங்கம் எங்கே போனது? அடியில் இருந்த நிக்கல் எங்கே போனது? தொட்டியில் என்னென்ன உப்பு கரைத்திருக்கிறது என்று எனக்கே முழுதாகத் தெரியாது. மூட்டையில் வரும். நான் கொட்டுவேன்.

பட்டறையில் முதலாளியிடம் கேட்டேன்.

"இந்தத் தொட்டில இருக்கறது வாய்க்குள்ள போனா என்ன ஆகும்?"

"முப்பத்தெட்டு வருஷமா ஆவியைக் குடிச்சிட்டு குத்துக்கல்லாட்டம் நிக்கறீங்க. என்ன ஆகப் போவுது?"

"நான் கேட்டது எனக்கில்ல."

"பின்ன யாருக்கு?"

தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சொன்னால் அவர் வாய் வழியாக ஊருக்குத் தெரியும். ஊர் வழியாக மகளுக்குத் தெரியும். ஒன்பது வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளைக்கு உன் அப்பன் கையாலேயே விஷம் வைத்துவிட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து பழைய சங்கிலியைத் தேடி எடுத்தேன். கழுவினேன். என் வாயில் போட்டுக்கொண்டேன்.

சிரிக்காதீர்கள். வேறு வழி தெரியவில்லை. என் கை சிவக்கிறதா, எனக்கு வேர்க்கிறதா என்று பார்க்க நினைத்தேன். பட்டறைக்குப் போகும்போது சப்பினேன், வரும்போது சப்பினேன். ஒரு நாள் மருமகன் பார்த்துவிட்டார்.

"என்ன மாமா வாயில?"

"மிட்டாய்."

"மிட்டாய்க்கு வால் இருக்கு. உதட்டுல தொங்குது பாருங்க."

திரும்பிக்கொண்டேன். பன்னிரண்டு நாள் சப்பினேன். நாக்கு புண்ணானதுதான் மிச்சம். உள்ளங்கை எப்போதும் போலக் காய்ப்பு ஏறிக் கிடந்தது. ஆனால் நான் தொட்டியோடு வாழ்ந்த கிழவன். குழந்தை உடம்பும் என் உடம்பும் ஒன்றா? பயம் குறையவில்லை, கூடியது.

அதற்கிடையில் மகளிடமும் ஒன்றைக் கவனித்தேன். ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை அவளால். நூலை எச்சில் தொட்டு முறுக்கி நீட்டுவாள், ஊசிக்காதுக்குப் பக்கத்தில் போனதும் நூல்முனை ஆடும். நாலு தடவை, ஐந்து தடவை. பிறகு மெஷின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொள்வாள்.

"தூக்கம் இல்லப்பா, வேறென்ன" என்பாள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எந்த உலோகத்தின் மேலும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது, ஒன்றைத் தவிர. என் மனைவியின் மோதிரம். மாத்திரை டப்பாவில் பஞ்சு சுற்றி வைத்திருந்தேன். அதை அடித்தவர் கல்லில் தங்கத்தை உரசித் தரம் சொல்கிற உரைகல்காரர், எனக்குப் பழைய சிநேகிதர். மூசையில் தங்கம் உருகுவதிலிருந்து மோதிரம் ஆகிற வரைக்கும் இரண்டு நாள் அவர் முன்னாலேயே உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தவன் நான். நடுவில் ஒன்றுக்குப் போகும்போதுகூட "தொடாத, வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். அன்றைக்கு அவர் திட்டின திட்டு இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் அந்தத் தங்கத்தை நம்பலாம்.

ஒரு காலையில் அதை மகளிடம் கொடுத்தேன்.

"எஃகைக் கழட்டு. எல்லாத்தையும் கழட்டு. இது மட்டும் கையில இருக்கட்டும். குழந்தை இதைச் சப்பினாலும் ஒண்ணும் ஆகாது."

"அம்மாவோடதுப்பா..."

"போட்டுக்கோ."

வலது கையில், மோதிர விரலில் போட்டுக்கொண்டாள். கண் கலங்கினாள். நான் பட்டறைக்கு நேரமாகிறது என்று வெளியே வந்துவிட்டேன்.

நாலாம் நாள் டீ கொண்டு வந்தாள். டம்ளர் தட்டில் கடகடவென்று ஆடியது. நான் டம்ளரைப் பிடித்தேன். அவள் விரல் என் கண்ணுக்கு நேராக இருந்தது. மோதிரம் வெள்ளையாக இருந்தது.

மேல் பக்கம் கொஞ்சம் மஞ்சள் மிச்சம் இருந்தது. உள்ளங்கைப் பக்கம் முழுக்க ஈயம் பூசினாற்போல வெளுத்திருந்தது. பக்கத்தில் இருந்த மருமகனும் பார்த்தார்.

"என்ன மாமா, அத்தையோட தங்கம் நரைச்சிருச்சு?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "கழட்டு" என்றேன். வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டு, டீயைக் குடிக்காமல் கிளம்பினேன். வழியெல்லாம் ஒரே நினைப்பு. இத்தனை வருஷம் என் பெண்டாட்டி போட்டிருந்தது பொய்யா? அந்த ஆளும் என்னை ஏமாற்றிவிட்டாரா?

உரைகல்காரர் கடை சின்னது. ஒரு மேஜை, ஒரு விளக்கு, கறுப்புக் கல், அமிலப் புட்டிகள். மோதிரத்தை மேஜையில் போட்டேன்.

"இது நீ அடிச்சதா?"

"வந்ததும் வராததுமா என்னய்யா கேள்வி? என் முத்திரை இருக்கு பாரு."

"வெளுத்துப் போச்சு. எனக்குத் தங்கம் குடுத்தியா, தகரம் குடுத்தியா?"

"யோவ், பக்கத்துலயே உக்காந்து மூச்சு விடாம பாத்தியே, அப்ப தெரியலையா தகரம்னு?"

திட்டிக்கொண்டே எடுத்தார். கல்லில் உரசினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். அதோடு அவருடைய திட்டு நின்றது. மோதிரத்தை இடுக்கியால் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"பின்னால வா. காத்து எந்தப் பக்கம் அடிக்குது? நீ இந்தப் பக்கம் நில்லு. மூக்கைப் பொத்திக்கோ."

கொல்லையில், திறந்த வெளியில், மூக்கில் துணி கட்டிக்கொண்டு மோதிரத்தின் மேல் தீயைக் காட்டினார். நாங்கள் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். கொஞ்ச நேரத்தில் தீயை அணைத்தார். வெள்ளை போய்விட்டது. மங்கலாக, சொரசொரப்பாக, ஆனால் தங்கமாக இருந்தது மோதிரம்.

"பாதரசம்" என்றார். "தங்கம் தங்கமாத்தான் இருக்கு. அது மேல பாதரசம் ஏறியிருக்கு. யாரு போட்டிருந்தா?"

"என் பொண்ணு."

"பாதரசத்துல என்ன வேலை அதுக்கு?"

"துணி தைக்குது."

அவர் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எங்கப்பா பட்டறைக் குப்பையில இருந்து தங்கத்தூள் எடுக்க இதைத்தான் கையால பிசைவாரு. கடைசில டம்ளரைப் பிடிக்க ரெண்டு கையும் பத்தல அவருக்கு. ஆடும். ஊட்டி விடுவோம்."

டம்ளர் தட்டில் ஆடிய சத்தம் எனக்குக் கேட்டது.

"ரெண்டு மாசமா எஃகு போட்டிருந்துச்சே. அதுல ஒண்ணும் தெரியலையே?"

"எஃகுல எப்படித் தெரியும்? இரும்போட அது ஒட்டவே ஒட்டாது. இரும்புக் குப்பியிலதானய்யா அதை அடைச்சு விப்பான்."

ஆக, கறை பிடிக்காத உலோகம் என்று நான் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய எஃகு, இரண்டு மாதம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறது. என் மனைவியின் மோதிரம் நாலு நாளில் சொல்லிவிட்டது.

பஸ்ஸில் திரும்பும்போது உட்காரவே முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டில் என்ன இருக்கிறது? காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குழாய் எதுவும் இல்லை. டியூப் லைட் உடையவில்லை. மகள் கை வைக்கிற இடத்தை எல்லாம் ஒவ்வொன்றாக மனசில் தொட்டுப் பார்த்தேன். மெஷின், துணி, அடுப்பு, குழந்தை. குழந்தை கை வைக்கிற இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். அம்மாவின் கழுத்து.

பஸ் நின்றதும் வீட்டுக்கு ஓடினேன்.

கதவைத் தள்ளினேன். மகள் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பட்டாணி அவள் தோளில் கவிழ்ந்து, கன்னத்தை அந்தச் சாம்பல் பட்டையில் வைத்து, வாயைத் திறந்தபடி முனகிக்கொண்டிருந்தது.

"குழந்தையை இறக்கு!"

"இப்பதான்ப்பா கண் அசந்துச்சு..."

"இறக்குன்னா இறக்கு!"

என் சத்தத்தில் குழந்தை வீறிட்டது. மருமகன் உள்ளறையிலிருந்து ஓடி வந்து வாங்கிக்கொண்டார்.

"கழுத்துல என்ன பூசற?"

"ஒண்ணும் பூசல."

"என்னைப் பாத்துச் சொல்லு."

அவள் பார்க்கவில்லை. ஆனால் அவள் கை மெஷினின் இழுப்பறையை மூடிக்கொண்டது. அவள் கையை விலக்கிவிட்டு இழுத்தேன். பாபின்கள், ஊசிக் கூடு, சாக்கட்டி. அடியில் ஒரு வெள்ளை டப்பா, மூடியில் பூப்படம். உள்ளே பால்கோவா நிறத்தில் ஒரு களிம்பு, பாதி தீர்ந்திருந்தது.

முலாம்காரனுக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு முழம் செம்புக் கம்பி வைத்திருப்பேன், நகைகளைக் கட்டித் தொட்டியில் தொங்கவிட. அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சிவப்பாக்கினேன். களிம்பில் குத்தி வைத்தேன். குழந்தை மட்டும் முனகியது. எடுத்து ஈரத்துணியால் துடைத்தேன்.

சிவப்பாக இருந்த கம்பி, குத்தின வரைக்கும் வெள்ளிக் கம்பியாக இருந்தது.

"பாதரசம்" என்றேன்.

மருமகன் டப்பாவைத் திருப்பி, அடியில் எறும்பு ஊர்ந்தாற்போல இருந்த எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்தார். "தங்கம், வெள்ளி நகைகளைக் கழற்றி வைத்துவிட்டுப் பூசவும்."

"நான் அதைப் படிச்சேன்ப்பா" என்றாள் மகள். "நகைல பிசுக்கு ஒட்டும்னு போட்டிருக்காங்கன்னு நெனச்சேன். எஃகுன்னா பரவாயில்லன்னு... மோதிரம் விரல்லதானேன்னு அதைக் கழட்டல."

நகைக்கு ஆகாதாம், தோலுக்கு ஆகுமாம். எழுதினவன் கையில் கிடைத்திருந்தால் என் அமிலத் தொட்டியில் முக்கியிருப்பேன்.

"எங்க வாங்கின? எவ்வளவு நாளா பூசற?"

"அந்த எஃகுச் சங்கிலி போட்ட வாரத்துல இருந்து. காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். பிளவுஸ் தைக்கக் குடுத்தாங்களே ஒரு அக்கா, அவங்க கொண்டாந்து குடுத்தாங்க. நீங்க அன்னைக்கு அவங்க முன்னாடி சொன்னீங்கல்ல. பாவம்னு நெனச்சிருப்பாங்க."

"எதைச் சொன்னேன்?"

"கழுத்து கறுத்துப் போச்சுன்னு. நீங்கதானப்பா தினமும் சொன்னீங்க."

கத்தவில்லை, அழவில்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள். நான் தொட்டியைப் பார்த்துப் பயந்தேன், நிக்கலைப் பார்த்துப் பயந்தேன், எஃகை ராவினேன், பன்னிரண்டு நாள் சங்கிலி சப்பினேன். என் வாயை நான் சந்தேகப்படவே இல்லை.

"கிளம்புங்க" என்றார் மருமகன்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். முதலில் பார்த்த சின்ன டாக்டர், நான் பாதரசம் என்றதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"தாத்தா, இதெல்லாம் போன்ல படிச்சீங்களா?"

"நான் நாலாம் கிளாஸ். எனக்குப் பொடி எழுத்து படிக்க வராது. இதைப் பாருங்க." கம்பியையும், மோதிரத்தையும், டப்பாவையும் அவர் மேஜையில் வரிசையாக வைத்தேன். "இதுல முக்கினா இது இப்படி ஆகுது. இதைத்தான் அவ கழுத்துல பூசறா. அந்தக் கழுத்துலதான் குழந்தை தூங்குது. இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியாது. தெரிஞ்சவங்களைக் கூப்பிடுங்க."

அவர் கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்தார். எழுந்து போய் ஒரு டாக்டரம்மாவை அழைத்து வந்தார். அந்த அம்மாள் முதலில் பட்டாணியின் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். பிறகு வளையல் அளவில் இருந்த ஒரு பட்டையை அதன் கையில் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். இரண்டாவது தடவை பார்த்தார். முகத்தில் எதுவும் காட்டவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது, பயப்படுவதற்கு.

அன்றைக்கே குழந்தையையும் தாயையும் சேர்த்துக்கொண்டார்கள். சிறுநீரைச் சோதனைக்கு எங்கோ அனுப்பினார்கள். முடிவு வர எட்டு நாள் ஆகும் என்றார்கள். அதுவரை தாய்ப்பால் வேண்டாம், மகளின் தலையணை, துண்டு, குழந்தை புரண்ட விரிப்பு எல்லாவற்றையும் மூட்டை கட்டித் தனியாக வையுங்கள், எரிக்காதீர்கள் என்றார்கள். நானும் மருமகனும் கையுறை போட்டுக்கொண்டு வீட்டைப் பிறாண்டினோம். பட்டாணியின் கிலுகிலுப்பையைக்கூட மூட்டையில் போட்டோம். அதைப் போடும்போது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

அந்த எட்டு நாள் நான் எப்படி இருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வந்தால் பயம். வராவிட்டால் அதைவிடப் பயம், எழுந்து போய்க் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன்.

ஒன்பதாம் நாள் டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டார். இரண்டு பேர் உடம்பிலும் பாதரசம் இருந்தது. தாயைவிடக் குழந்தை சின்ன உடம்பு, அதனால் அதற்குத்தான் பாடு அதிகம். உள்ளே போனதைப் பிடித்து வெளியே இழுக்கிற மருந்து இருக்கிறது, கொடுக்கத் தொடங்குகிறோம் என்றார்.

"பொழைச்சுக்குமா?" என்றேன்.

"இன்னும் ரெண்டு மாசம் கழிச்சு வந்திருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல. இப்ப பாக்கலாம்."

"பாக்கலாம்னா?"

"அப்பா" என்றாள் மகள், என் சட்டையைப் பிடித்து இழுத்து. "விடுங்க. அவங்க பாக்கட்டும்."

மருந்து ஏற ஆரம்பித்த மூன்றாம் வாரம் ஒரு மதியம், மருமகன் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டார். பதறிக்கொண்டு உள்ளே போனேன். பட்டாணி தூங்கிக்கொண்டிருந்தது. வேர்வை இல்லை, முனகல் இல்லை. கை இரண்டையும் தலைக்கு மேலே எறிந்துவிட்டு, குடித்துவிட்டுக் கிடக்கிற பெரிய மனுஷன் மாதிரி தூங்கியது. அதன் வயிறு ஏறி இறங்குவதை நான் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாதிரி டப்பாவை இன்னும் யார் யாருக்குக் கொடுத்தாள் என்று அந்தப் பிளவுஸ்காரப் பெண்ணிடம் மகளே போய்க் கேட்டாள். ஏழு வீடு. ஏழுக்கும் நான் செம்புக் கம்பியை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு வீட்டில் என்னை உள்ளே விடவில்லை. விடாத வீட்டு வாசலில் நின்று கத்திவிட்டு வந்தேன். கத்துவதற்கு எனக்குப் படிப்பு வேண்டாம்.

இப்போது பட்டாணிக்கு ஒரு வயது தாண்டிவிட்டது. மற்றப் பிள்ளைகள் நடக்கிற வயதில் இது இப்போதுதான் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மாதா மாதம் சோதனை. மகள் நூல் கோர்த்துவிடுகிறாள், இரண்டாவது தடவையில். அவள் கழுத்தில் சாம்பல் இன்னும் இருக்கிறது. போகலாம், போகாமலும் இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் அதைப் பற்றி வாயைத் திறப்பதில்லை.

மோதிரத்தை உரைகல்காரர் மெருகேற்றிக் கொடுத்தார். மகள் அதை மறுபடி போட்டுக்கொண்டாள். தினமும் காலையில் டீ டம்ளரை நீட்டும்போது, நான் கேட்காமலேயே விரலைத் திருப்பி உள்ளங்கைப் பக்கம் காட்டுவாள். நான் கண்ணாடி போட்டுப் பார்ப்பேன். அதற்கப்புறம்தான் டீ.

நேற்று பட்டாணி என் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்று, அம்மாவின் கையைத் தன் பக்கம் இழுத்து, அந்த விரலை மோதிரத்தோடு வாயில் போட்டுக்கொண்டது. மகள் கையை இழுக்கப் போனாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

மோதிரத்தை அப்போதுதான் பார்த்திருந்தேன். மஞ்சளாகத்தான் இருந்தது.

"இருக்கட்டும்" என்றேன். "சப்பட்டும்."

அது சப்பி முடிக்கிற வரைக்கும் மகள் கையை இழுக்கவில்லை. எச்சில் ஒழுக விரலை விட்டதும், மகள் துடைக்காமல் அப்படியே கையை என் முன்னால் நீட்டினாள். நான் மறுபடியும் கண்ணாடியை எடுத்தேன்.